மோட்டார் படகின் உள்கூரையும் அதற்குள் ஓடும் நீரும்

மோட்டார் படகின் அறைக்குள் நிற்பவரின் தலைக்கு மேல் இரண்டு கூரைகள் இருக்கின்றன. மேலே இருப்பது மேல்தளம். ஆள் நடப்பதும் மழையும் அலையும் விழுவதும் அதன் மேல்தான். அதற்குக் கீழே ஓர் அங்குலமோ சில அங்குலமோ இடைவெளி விட்டு, வீடுகளில் பொருத்தும் ஃபால்ஸ் சீலிங் போல, வினைல் ஒட்டிய பலகைகளோ இழுத்துக் கட்டிய துணியோ இருக்கும். அறையில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவது இந்த இரண்டாவது கூரை மட்டும். மேல்தளம் ஒழுகினால் தண்ணீர் முதலில் இறங்குவது இரண்டுக்கும் நடுவே உள்ள இருட்டுக்குள். அங்கே அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எத்தனை நாள் கழித்து எங்கே சொட்டும் என்பதைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துச் சொல்ல முடியாது. உள்கூரையைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். படகுப் பட்டறைகளில் இன்று அன்றாட வேலையாகிவிட்ட இதற்கு, மரக்கலங்களின் மேல்தளத்தில் அநேகமாகத் தேவை இருந்ததில்லை. படகைக் கட்டும் முறை மாற மாறத்தான் இந்த வேலை பிறந்தது.

ஆங்கிலேய மாலுமிகள் ‘சீலிங்’ என்று சொன்னது தலைக்கு மேல் இருப்பதை அன்று. கப்பலின் விலாச் சட்டங்களுக்கு உட்புறமாக, பக்கச்சுவரிலும் அடியிலும் அறைந்த பலகை வரிசைக்குத்தான் அந்தப் பெயர். சரக்கு விலாச் சட்டங்களுக்கு நடுவே சரிந்து விழாமல் அது காத்தது, கப்பலுக்கு வலுவும் சேர்த்தது. தலைக்கு மேல் அப்படி எதுவும் இல்லை. உத்தரங்களும் அவற்றின் மேல் கிடந்த தளப்பலகைகளின் அடிப்பாகமும் அப்படியே தெரிந்தன. ஒழுக்கைத் தேடுவது அப்போது கண்ணாலேயே முடிந்த காரியம். எந்த இரண்டு பலகைகளுக்கு நடுவே சொட்டுகிறதோ, பெரும்பாலும் அந்த இணைப்புதான் விட்டிருக்கும்.

அந்த இணைப்பை அடைப்பது தனித் தொழில். தமிழ்க் கடற்கரையில் கலப்பத்து என்று சொல்லும் வேலை அது. பழைய கயிறுகளைப் பிரித்து எடுத்த நாரைக் கீலில் தோய்த்து, பலகைகளின் இடுக்கில் உளியால் செருகி, கொட்டாப்புளியால் அடித்து இறுக்கி, மேலே காய்ச்சிய கீலை ஊற்றுவார்கள். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் கயிற்றைப் பிரிக்கும் வேலை சிறைக்கைதிகள் தலையிலும் ஏழைகள் விடுதியில் அடைபட்டவர்கள் தலையிலும் விழுந்தது. கப்பலின் மேல்தளம் ஒழுகாதிருக்க எத்தனை பேரின் விரல் நகங்கள் தேய்ந்தன என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. பைன் மரத்திலிருந்து இறக்கிய கீல் ஸ்வீடனிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் வந்தது. அதை ஏற்றுமதி செய்யும் ஏகபோக உரிமையை 1648இல் ஒரு வணிகக் கழகத்துக்கு ஸ்வீடன் அரசு கொடுத்தது. ஸ்டாக்ஹோம் கீல் என்ற பெயர் நிலைத்தது அந்த வணிகத்தால்தான். 1842இல் ஆல்ஃபிரட் ஜெஃப்ரி என்ற ஆங்கிலேயர் ரப்பரும் அரக்கும் கலந்து ‘மரைன் க்ளூ’ என்ற பசையைச் செய்தார். வெயிலில் உருகி வழியாமலும் குளிரில் வெடிக்காமலும் இருந்ததால், தளத்து இணைப்புகளில் கீலின் இடத்தை அது மெல்லப் பிடித்தது.

கலப்பத்துக்காரரின் கொட்டாப்புளியில் நீளவாக்கில் துளைகள் அறுத்திருக்கும். அடிக்கும்போது அது மணிபோல் ஒலிக்கும். நார் இறுகிய இடத்தில் ஒரு நாதமும் தளர்ந்த இடத்தில் வேறொரு நாதமும் வரும். கேட்டுப் பழகிய காது, நீர் வருமுன்பே பலவீனமான இடத்தைச் சொல்லிவிடும். வெப்பக் கடல்களில் போகும் கப்பல்களில் காலையும் மாலையும் மேல்தளத்தின் மீது கடல்நீர் வாரி ஊற்றினார்கள். சுத்தத்துக்காக மட்டும் செய்ததன்று. பலகை காய்ந்து சுருங்கினால் இணைப்பு வாய்பிளக்கும். ஊறினால் உப்பி அடைத்துக்கொள்ளும். கடல்நீரின் உப்பு, மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கும் ஆகாது. மரப்படகைக் கெடுப்பது பெரும்பாலும் மழைநீர்தான் என்பதை அன்று படகு கட்டிய ஓடாவிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். அமெரிக்காவில் கட்டிய பல கப்பல்களில் விலாச் சட்டங்களுக்கு நடுவே கல்லுப்பை நிரப்பி மூடினார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இறங்கும் மழைநீர் உப்புநீராக மாறட்டும் என்பதே நோக்கம்.

மூடிய இடம் எவ்வளவு ஆபத்தானது என்பதும் அப்போதே தெரிந்திருந்தது. இங்கிலாந்து 1677இல் ஒப்புதல் பெற்றுக் கட்டிய 30 புதிய போர்க்கப்பல்களில் பலவற்றை, கடற்படை நிர்வாகத்துக்குத் திரும்பிய சாமுவேல் பெப்பிஸ் 1684இல் சாத்தம் துறையில் போய்ப் பார்த்தார். பல கப்பல்கள் கடலுக்கே போகாதவை. அவற்றின் அடியறைகளில் கைமுட்டி அளவு காளான்கள் முளைத்திருந்தன. காற்றோட்டம் இல்லை, தேங்கிய ஈரத்தை யாரும் திறந்து பார்க்கவும் இல்லை. 1782 ஆகஸ்ட் 29 அன்று ‘ராயல் ஜார்ஜ்’ என்ற பெருங்கப்பல் ஸ்பிட்ஹெட் நங்கூரத் துறையிலேயே மூழ்கி நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். விசாரணை நடத்திய கடற்படை நீதிமன்றம், உள்ளே உளுத்துப்போன மரச்சட்டம் முறிந்ததே காரணமாக இருக்கலாம் என்று முடிவு செய்தது. பிற்காலத்தில் நல்ல ஓடாவிகள் உட்பலகை வரிசையின் மேல்விளிம்பில் காற்றுப் போக இடைவெளி விட்டார்கள். இந்த எச்சரிக்கை உணர்வைத்தான் அடுத்து வந்த நூற்றாண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழந்தது.

1886இல் காட்லீப் டைம்லர் ஜெர்மனியின் நெக்கார் ஆற்றில் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய படகை ஓட்டிப் பார்த்தார். அதுவும் அதன்பின் வந்த படகுகளும் பெரும்பாலும் மேல்புறம் திறந்தவை. கூரையே இல்லாத படகில் கூரை ஒழுக்குக்கு இடமில்லை. வசதியானவர்கள் வார இறுதியில் படகிலேயே தங்க விரும்பியபோது அறை வந்தது. அறைக்குக் கூரை வந்தது. 1920களிலும் 1930களிலும் அமெரிக்காவில் கட்டிய அறைப்படகுகளில், நாக்கும் பள்ளமுமாக இழைத்துக் கோத்த மெல்லிய பலகைகளை உத்தரங்களின் மேல் அறைந்து, ஈரப் பெயின்டின் மேல் பருத்திக் கித்தானை இழுத்து விரித்து, மீண்டும் பெயின்ட் பூசினார்கள். கித்தான் கிழியாதவரை ஒழுகாது. விளிம்பில் அதை மூடிய மரச்சட்டத்தின் அடியில்தான் வழக்கமாக நீர் புகுந்தது. உள்ளே இருந்தவருக்குப் பலகையின் கோடுகளும் வார்னிஷ் பூசிய உத்தரங்களும் தெரிந்தன. கறுத்த கறை எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதற்கு அருகில்தான் தேட வேண்டியிருந்தது.

மூடும் பழக்கம் அறையின் வசதியோடு வந்தது. மூடிய கார்களின் கூரைக்குள் துணி இழுத்துக் கட்டுவது 1920களில் பரவியிருந்தது. அதே வேலைப்பாடு படகுக்குள்ளும் வந்தது. ‘ஹெட்லைனர்’ என்ற பெயர் இரண்டுக்கும் பொதுவானது. கண்ணுக்கு அது மென்மை, காதுக்கு எதிரொலி குறைவு. ஆனால் துணி நனைந்தால் கறைபடும், பூஞ்சணம் பிடிக்கும். அமெரிக்க வேதியியலாளர் வால்டோ சீமன் 1926இல் பி.வி.சி.யை வளைந்து கொடுக்கும்படி செய்யும் வழியைக் கண்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதிலிருந்து மலிவான வினைல் விரிப்புகள் பெருகின. வினைல் நனையாது, துடைத்தால் பளிச்சென்று ஆகும். ஒழுக்கைத் தேடுபவருக்கோ அது துணியைவிடக் கெட்டது. துணியில் நீர் விழுந்த இடத்திலேயே கறை காட்டும். வினைல் நீரைக் கீழே விடாமல் தன் முதுகில் ஏந்திக்கொண்டு, சரிவு எங்கே கொண்டுபோகிறதோ அங்கே, ஏதாவது ஒரு தையலிலோ விளக்குப் பொருத்திய ஓட்டையிலோ விடும்.

இதைவிடப் பெரிய மாற்றம் கண்ணாடி இழையால் வந்தது. உருகிய கண்ணாடியைக் காற்றால் ஊதி நூலாக்கும் முறை 1930களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உருவானது. ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் 1938இல் தொடங்கியது. சூடும் அழுத்தமும் இல்லாமல் இறுகும் பாலியெஸ்டர் பிசின் போர்க்காலத்தில் கைக்கு வந்தது. அதே மாநிலத்தின் டொலிடோ நகரில் ரே கிரீன் 1942 வாக்கில் இரண்டையும் சேர்த்துச் சிறு படகு செய்தார். பெரிய படகுக்கு இது தாங்காது என்றே பல ஓடாவிகள் நினைத்தார்கள். 1960இல் வட கரோலினாவின் ஹை பாயின்ட் என்ற ஊரில், மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன, கடலைவிட்டுத் தொலைவான அந்த ஊரில், வில்லிஸ் ஸ்லேன் என்பவர் தொடங்கிய ஹாட்டராஸ் நிறுவனம் ஜாக் ஹார்கிரேவ் வரைந்த 41 அடி மீன்பிடி உல்லாசப் படகைக் கண்ணாடி இழையில் வார்த்து இறக்கியது. அதன்பின் அந்த ஐயம் எடுபடவில்லை.

அச்சில் வார்த்த கூட்டில் பலகை இணைப்பே இல்லை. எனவே ஒழுக்கின் காலம் முடிந்தது என்று விற்பவர்களும் வாங்குபவர்களும் நம்பினார்கள். நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது: கூடு நீர் விடவில்லை. ஆனால் கயிறு கட்டும் கொம்பு, கைப்பிடிக் கம்பியின் கால், சன்னல், மேல்மூடி, கொடிமரம், விளக்கு என ஒவ்வொன்றையும் பொருத்தக் கூட்டில் துளை போட வேண்டியிருந்தது. கீழ்க்கூடும் மேல்தளமும் தனித்தனி அச்சில் வார்த்துப் பின்னர் சேர்த்தவை. படகின் சுற்றளவு முழுக்க அந்த ஓர் இணைப்பு ஓடியது. பலகை இடுக்குகள் போன இடத்தில் திருகுத் துளைகள் வந்தன.

அச்சில் வார்த்த தளத்தின் மேல்புறம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். அடிப்புறம் பிசினும் இழையும் முள்ளுமாகக் கையைக் கிழிக்கும். இரவில் அறையின் வெதுவெதுப்பான காற்று பட்டால் பனித்துச் சொட்டும். அதை மூடாமல் படகை விற்க முடியாது. ஆகவே மரப்படகில் அலங்காரமாக இருந்த உள்கூரை, கண்ணாடி இழைப் படகில் கட்டாயமாயிற்று. மின்கம்பிகள், விளக்குகள், குளிர்சாதனக் குழாய்கள் என்று அடுத்தடுத்து வந்த எல்லாவற்றையும் அந்த இடைவெளியே விழுங்கியது. கம்பிக்கட்டு ஒன்று படகின் முன்முனையிலிருந்து பின்முனைவரை ஓடினால், துளையில் இறங்கும் நீருக்கு அது நல்ல வாய்க்கால்.

இதற்கு நடுவில் இன்னொரு மறைவிடமும் உருவானது. கண்ணாடி இழைத் தளம் வளையாமல் இருக்க, இரண்டு மெல்லிய இழைத் தோல்களுக்கு நடுவே எடை குறைந்த பால்சா மரத்தையோ ஒட்டுப்பலகையையோ உள்ளீடாக வைத்து அடைத்தார்கள். ஈக்வடாரில் விளையும் பால்சாவைச் சிறு கட்டைகளாக, இழை மேல்நோக்கி நிற்கும்படி அறுத்து, வலைத்துணியில் ஒட்டி விரிப்பாக விற்றார்கள். இழை நிற்கும் திசையில் நீர் விரைவாக ஏறும். பக்கவாட்டில் ஒரு கட்டையிலிருந்து மற்றொன்றுக்குப் போகத் தயங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டைகளுக்கு நடுவே உள்ள வெட்டுகளைப் பிசின் நிரப்பாமல் விட்ட தளங்களில், அந்த வெட்டுகளே கால்வாய்களாயின. ஒட்டுப்பலகையில் இழை படுத்திருப்பதால் நீர் பக்கவாட்டிலும் பரவியது. துளை ஓரிடம், ஊறிய உள்ளீடு வேறிடம், கீழ்த்தோலில் நீர் வெளிவரும் ஓட்டை மூன்றாமிடம் என்று ஆனது.

இந்தச் சிக்கல் மிகுந்து தெரிந்தது கிழக்காசியாவில் கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பிய ‘டிராலர்’ வகை உல்லாசப் படகுகளில். ராபர்ட் நியூட்டனும் அவர் மகன்களும் 1950களில் ஹாங்காங்கின் ஜங்க் பே கரையில் அமெரிக்கன் மரைன் என்ற பட்டறையை வைத்தார்கள். கென்னத் ஸ்மித் அவர்களுக்கு வரைந்து கொடுத்த 36 அடிப் படகிலிருந்து, 1960களின் நடுவில் கிராண்ட் பேங்க்ஸ் என்ற வரிசை பிறந்தது. மீன்பிடிப் படகின் தோரணை, மெதுவான டீசல் எஞ்சின், கைதேர்ந்த சீனத் தச்சர்களின் தேக்கு வேலை என்று அது உலகெங்கும் பெயர் பெற்றது. பிறகு பட்டறை சிங்கப்பூருக்கும் விரிந்தது. 1973இல் மரக்கூட்டை விட்டுக் கண்ணாடி இழைக்கு மாறியது. 1970களில் தைவானிலும் பல பட்டறைகள் இதே சாயலில் படகுகளைக் கட்டின.

கூடு கண்ணாடி இழையாக மாறினாலும் வாங்குபவர் காலடியில் தேக்கையே விரும்பினார். எனவே இழைத் தளத்தின் மேல் அரை அங்குலமோ அதற்குச் சற்றுக் கூடவோ கனமுள்ள தேக்குப் பட்டிகளை அடைப்புப் பசையில் பதித்து, திருகாணியால் இறுக்கினார்கள். ஒவ்வொரு திருகின் தலையையும் குழிக்குள் இறக்கி, மேலே தேக்குத் தக்கை வைத்து மூடினார்கள். பட்டிகளின் இடுக்கில் கறுப்புப் பாலிசல்ஃபைடு ரப்பரை நிரப்பினார்கள். 1920களில் ஜோசப் பேட்ரிக் என்ற அமெரிக்கர் எஞ்சின் நீர் உறையாமல் காக்கும் திரவம் ஒன்றைத் தேடும்போது கையில் சிக்கிய பொருள் அது. 40 அடிப் படகில் இப்படி ஆயிரக்கணக்கான திருகுகள், மேல்தோலைத் துளைத்து உள்ளீட்டுக்குள் இறங்கின. வேலை நேர்த்தியில் குறையில்லை. அந்தத் தச்சர்களின் கைவண்ணத்தை இன்றும் பார்த்து வியக்கலாம். ஆனால் தேக்கைத் தேய்த்துக் கழுவக் கழுவ அது மெலிந்தது. தக்கையின் ஆழம் குறைந்து அது பிய்ந்து வந்தது. பாலிசல்ஃபைடு பத்துப் பதினைந்து ஆண்டில் மரத்தின் விளிம்பைவிட்டு உரிந்தது. அதன்பின் ஒவ்வொரு திருகும் நீர் இறங்கும் குழாய்தான்.

உள்கூரையைக் கழற்றும் வேலையின் கடினம், அதைப் பொருத்திய முறையைப் பொறுத்தது. மரச்சட்டங்களை வரிசையாகத் திருகி, அவற்றின் நடுவே பலகைகளைச் செருகியது பழைய முறை. திருகைக் கழற்றினால் சட்டம் வரும், சட்டம் வந்தால் பலகை இறங்கும். பழுது பார்ப்பவரை மனத்தில் வைத்துச் செய்த முறை இது. வினைலை ரீப்பர்களில் ஸ்டேப்பிள் அடித்துப் பொருத்திய படகுகளில், கடைசியாக அடித்த விளிம்பிலிருந்து முதல் விளிம்புக்குப் பின்னோக்கிப் பிரிக்க வேண்டும். ஸ்டேப்பிள் துருப்பிடித்து வினைலோடு ஒட்டியிருக்கும். நுரையடி வினைலைத் தளத்தின் அடியிலேயே பசை போட்டு ஒட்டியவை இன்னும் மோசம்: ஆண்டுகள் கழிந்ததும் நுரை பொடியாகி உதிரும், வினைல் தொங்கும், ஒட்டியிருக்கும் இடத்திலோ கிழித்துத்தான் எடுக்க முடியும். சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1950களில் காப்புரிமை பெற்ற வெல்க்ரோ பட்டையால் பலகைகளை ஒட்டும் முறை பின்னர் வந்தது. ஓர் ஓரத்தில் தட்டையான கத்தியை நுழைத்து நெம்பினால் பலகை கையோடு வரும். அறையின் கூரை முழுவதையும் ஒரே இழைத் தட்டாக வார்த்து, தளத்தோடு பிசினால் ஒட்டிய படகுகளும் உண்டு. அவற்றில் கழற்ற எதுவும் இல்லை, அறுக்கத்தான் வேண்டும். கட்டும்போது கூலி மிச்சமாவதால் இந்த முறை பரவியது. மிச்சமான அந்தக் கூலியை, பல ஆண்டுகள் கழித்துப் படகை வாங்கியவர் பல மடங்காகக் கட்டுகிறார்.

கழற்றுவதற்கு முன்பே நீர் பல செய்திகளைத் தரும். நாக்கில் வைத்துப் பார்ப்பது பழைய வழி: உப்புக் கரித்தால் அலைத்தெறிப்பு, கரிக்காவிட்டால் மழை அல்லது குடிநீர்த் தொட்டி. தேநீர் நிறத்தில் வந்தால் மரத்தினூடே வந்திருக்கிறது. துருநிறக் கோடு ஏதோ ஓர் இரும்பைத் தொட்டுவிட்டு வந்ததற்கு அடையாளம். மழையே இல்லாத குளிர்ந்த விடியலில் சொட்டினால் அது ஒழுக்காக இல்லாமல் பனித்த நீராக இருக்கலாம். படகு நிற்கும் சாய்வையும் கணக்கில் எடுக்க வேண்டும். துறையில் பல படகுகள் முன்முனை சற்றுத் தூக்கி நிற்கும், அதனால் நீர் பின்னோக்கி ஓடும். சொட்டும் இடத்துக்கு முன்புறமாகத் தேடத் தொடங்குவது அதனால்தான்.

பலகைகளுக்கு எண்ணிட்டுக் கழற்றிய பிறகு, தளத்தின் அடிப்புறத்தைக் காயவிட்டு, துளைகளைச் சுற்றிச் சுண்ணக்கட்டியோ முகப்பவுடரோ பூசுவார்கள். மேலே ஒருவர் தண்ணீர்க் குழாயோடு நிற்பார், கீழே ஒருவர் விளக்கோடு படுத்திருப்பார். தாழ்வான பொருத்தில் தொடங்கி, ஒவ்வொன்றின் மீதும் பல நிமிடம் நீர்விட்டுக் காத்திருந்து, மேலே ஏற வேண்டும். உயரத்தில் தொடங்கினால் வழியும் நீர் கீழே உள்ள எல்லாவற்றையும் நனைத்து, எது குற்றவாளி என்று தெரியாமல் செய்துவிடும். சில பட்டறைகளில் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள்: கதவு சன்னல்களை அடைத்து, ஊதுவிசிறியால் அறைக்குள் காற்றழுத்தம் ஏற்றி, வெளியே சோப்பு நீர் தெளிக்க, ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி எழுகிறது. உள்ளீட்டின் ஈரத்தை அளக்கும் மின்கருவியும் வெப்பப் படக் கேமராவும் இப்போது உண்டு. ஆனாலும் தளத்தைச் சிறு சுத்தியால் தட்டிக் கேட்பதை ஆய்வாளர்கள் விடவில்லை. உலர்ந்த இடம் ‘டக்’ என்று தெறிக்கும், ஊறிய இடம் மந்தமாக ஒலிக்கும்.

திறந்தபின் தெரிவது பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிட அதிகம். கறுத்த கூழாகிப்போன பால்சா, மேல்பார்வைக்குப் பளபளத்தாலும் துளைக்குள் அரித்துப்போன எவர்சில்வர் போல்ட்டு. எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது அதன் மேல் காற்றின் ஆக்சிஜனால் உண்டாகும் மெல்லிய படலம். காற்றில்லாத ஈரத்துளையில் அந்தப் படலம் அழிந்தால் மீள்வதில்லை. குளிர்நாடுகளில் உள்ளீட்டில் தேங்கிய நீர் உறைந்து விரிந்து, தோலை உள்ளீட்டிலிருந்து பிரித்துவிடும்.

மிச்சிகனில் கூஜன் சகோதரர்கள் 1969 முதல் வளர்த்தெடுத்த எபாக்சிப் பிசின் முறை இதற்கு நல்ல மருந்தாயிற்று. துளையைப் பெரிதாக்கி, உள்ளீட்டைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து, எபாக்சியால் நிரப்பி, இறுகியதும் அதன் நடுவே புதிய துளை போடுகிறார்கள். பொருத்து மீண்டும் ஒழுகினாலும் நீர் உள்ளீட்டைத் தொடாது. தேக்குத் தளம் வேண்டுவோருக்கு இப்போது திருகே இல்லாமல் பசையால் ஒட்டுகிறார்கள். பால்சாவுக்குப் பதில் நீர் ஊறாத மூடுகண் நுரையையும், கொம்பும் கம்பிக்காலும் வரும் இடங்களில் உள்ளீடே இல்லாத கெட்டி இழையையும் வைக்கும் பட்டறைகள் பெருகியுள்ளன.

ஒழுக்கை அடைத்ததும் பலகைகளை உடனே மேலே ஏற்றுவதில்லை. ஒரு நல்ல மழையும் ஒரு கடற்பயணமும் கழியும்வரை தளத்தின் அடி திறந்தே கிடக்கும். துறையில் நிற்கும்போது ஒழுகாத பொருத்து, அலையில் தளம் முறுக்கும்போது விடக்கூடும். அதுவும் உலர்ந்து தெரிந்த பிறகு பலகைகள் ஏறுகின்றன. பொறுப்பான பட்டறைக்காரர் ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும் அதன் எண், எந்தத் துளை அடைக்கப்பட்டது, எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதிவிட்டுத்தான் மூடுகிறார்.